வெளிநாட்டுப் பள்ளியில் வேலை: பள்ளி தரும் வீடா, தனி வாடகையா, பகிர்ந்து தங்குவதா?

வெளிநாட்டுப் பள்ளியில் வேலை உறுதியாகி ஒப்பந்தம் வந்ததும் எல்லோரும் சம்பளம் போட்டிருக்கும் இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். அதற்குக் கொஞ்சம் கீழே, தங்குமிடம் தருகிறோம், வேண்டாமென்றால் அதற்கு ஈடாக மாதப்படி தருகிறோம், எது வேண்டும் என்று ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள் என்று ஒரு வரி இருக்கும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளி தரும் வீட்டுக்கே போய்விடுவதா, படியை வாங்கிக்கொண்டு தனியாக வீடு பார்ப்பதா, இல்லை யாரோடாவது சேர்ந்து தங்கி நாலு காசு மிச்சம் பிடிப்பதா? பார்த்தே இராத ஊரில், பார்த்தே இராத வீட்டைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

புது நாட்டில் முதல் சில மாதங்கள் எப்படி இருந்தன என்று எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் வகுப்பறையைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வார்; பாடம் நடத்துவது ஏற்கெனவே கைவந்த வேலை. வெந்நீருக்கு எந்தக் குமிழைத் திருப்புவது, குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் கட்டிவைப்பது, கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம்தான் புதிது. அதனால் இந்த ஒரு முடிவு சம்பளத்தைவிட அதிகமாக உங்கள் அன்றாடத்தைத் தீர்மானிக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எது நல்ல வீடு" என்று யோசிக்காதீர்கள், "முதல் ஆறு மாதத்துக்கு எது நல்லது" என்று யோசியுங்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள், பெரும்பாலும் விடையும் வேறுதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது தூரம். வரைபடத்தில் தெரியும் கிலோமீட்டரைச் சொல்லவில்லை, பள்ளி நாளில் காலை ஆறரை மணிக்கு வீட்டுக் கதவைச் சாத்தியதிலிருந்து வகுப்பறைக் கதவைத் திறக்கும்வரை ஆகும் நேரத்தைச் சொல்கிறேன். அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போகலாம், ஆனால் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்கு அப்படிப் போக முடியாது. திருத்த வேண்டிய நோட்டுகளைச் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறுவது முதல் வாரத்தில் ஊர் சுற்றிப் பார்ப்பது போல இருக்கும், ஐந்தாவது வாரத்தில் உடம்பு கேட்காது.

இரண்டாவது, முதல் சம்பளம் வருவதற்கு முன்னால் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது. மாத வாடகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். வாடகை குறைவு, ஆனால் உள்ளே நுழையவே நான்கைந்து மாத வாடகைக்குச் சமமான தொகை வேண்டும் என்றால் அது மலிவான வீடு இல்லை.

மூன்றாவது, காகிதங்கள். முகவரி இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை என்ற சங்கிலி பல நாடுகளில் உண்டு. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். சீனாவில் ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள், தனி வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். இந்த ஓட்டத்தை யார் ஓடப்போகிறார்கள், நீங்களா பள்ளியா என்பது வீட்டைப் பொறுத்தது.

நான்காவதை யாரும் யோசிக்க விரும்புவதில்லை: வேலை போனால், அல்லது நீங்களே வேலையை விட்டால், வீடு என்ன ஆகும்? ஐந்தாவது, பள்ளி மணி அடித்த பிறகு நீங்கள் ஆசிரியராக இல்லாமல் சும்மா ஒரு மனிதராக இருக்க இடம் இருக்கிறதா என்பது.

## பள்ளி தரும் வீடு

இது பல வடிவங்களில் வரும். பள்ளி வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு, பள்ளி மொத்தமாக எடுத்து வைத்திருக்கும் அடுக்குமாடி, அல்லது ஊருக்குள் எங்கோ ஒரு தனி வீடு. தென்கொரியாவில் அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கும் எபிக் திட்டத்தில் ஒருவருக்கான அறை, அடிப்படைச் சாமான்களோடு கிடைக்கும், வேண்டாமென்றால் மாதப்படி. ஜப்பானில் வெளிநாட்டவரைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க அழைத்துவரும், 1987 முதல் நடக்கும் ஜெட் திட்டத்தில் நிலைமை இடத்துக்கு இடம் மாறும்: ஓர் ஊராட்சி மானியத்தோடு வீடே கொடுக்கும், இன்னொன்று வீடு பார்க்க உதவுவதோடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே, "அந்த நாட்டில் வீடு தருவார்களாமே" என்று யாரோ சொன்னதை நம்பாமல், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மேலே சொன்ன முதல் மூன்று விஷயத்திலும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. தூரம் குறைவு, அல்லது பள்ளி வண்டி வரும். முன்பணம் இல்லை. மின்சாரம், தண்ணீர், இணைய இணைப்பு எல்லாம் ஏற்கெனவே ஒருவர் பெயரில் இருக்கும். முகவரிச் சான்றைப் பள்ளி அலுவலகமே அடித்துக் கொடுத்துவிடும். விமானத்தில் வந்து இறங்கிய இரவே உங்களுக்கென்று ஒரு கட்டில் இருக்கிறது, காலையில் எழுந்து பாடத் திட்டத்தைப் பார்க்கலாம். மொழி தெரியாத ஊரில் இதன் மதிப்பு சாதாரணமானது இல்லை. குழாய் ஒழுகினால் பள்ளியின் பராமரிப்பு ஆளுக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். தனி வீட்டில், ஒழுகும் குழாயை விவரிக்கும் வார்த்தையைத் தேடுவதற்குள் சமையலறை நனைந்துவிடும்.

சரி, மறைந்திருக்கும் செலவு எது? பணத்தில் பெரிதாக இல்லை, வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, வேலை, விசா, வீடு மூன்றும் ஒரே கையில் போய்விடுகிறது. நிர்வாகத்தோடு ஒத்துப்போகவில்லை, இல்லை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்றால் மூன்றும் ஒன்றாக அவிழும். வேறு வேலை தேட நாட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சட்டம் அனுமதித்தாலும் படுக்க இடம் இருக்காது. இது அடிக்கடி நடக்கிறது என்று பயமுறுத்தவில்லை. ஆனால் இந்தப் பயம் உள்ளே இருக்கும்போது, ஆசிரியர் கூட்டத்தில் "இது சரியில்லை" என்று சொல்ல வாய் வராது. அந்த விலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இரண்டாவது, பள்ளி முடிவதே இல்லை. வளாகக் குடியிருப்பில் இரவு எட்டரைக்கு, வீட்டு உடுப்போடு, கையில் குப்பைப் பையோடு லிஃப்டுக்குக் காத்திருப்பீர்கள். கதவு திறந்தால் உள்ளே எட்டாம் வகுப்புப் பையன், பக்கத்தில் அவன் அம்மா. அவரும் அதே பள்ளியில் ஆசிரியை. அவன் "மிஸ்" என்று நிமிர்ந்து நிற்பான், அம்மா நேற்றைய தேர்வைப் பற்றி ஆரம்பிப்பார். தரைத்தளம் வருவதற்குள் ஒரு சின்ன பெற்றோர் சந்திப்பு நடந்து முடிந்திருக்கும். மனிதர்கள் நல்லவர்கள்தான், குறை சொல்லவே இல்லை. ஆனால் வருடம் முழுக்க இப்படியே இருக்க முடியுமா என்று உங்கள் சுபாவத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. "தங்குமிடம்" என்று எழுதியிருப்பது இரண்டு படுக்கையறை வீட்டில் ஓர் அறையாக இருக்கலாம். கணவனோ மனைவியோ பின்னால் வந்து சேர்ந்தால் அனுமதி உண்டா, விருந்தாளி இரவு தங்கலாமா, மின்கட்டணம் ஒரு வரம்புக்கு மேல் போனால் யார் கட்டுவது என்பதெல்லாம் கேட்டால்தான் தெரியும். வரியும் பார்க்க வேண்டும்: பிரிட்டனில், முதலாளி தரும் வீடு பொதுவாக வரிக்குரிய சலுகையாகக் கணக்கில் வரும், அந்த வேலைக்கு அங்கேயே தங்குவது அவசியம் என்பது போன்ற நிலைகளில்தான் விலக்கு.

இது யாருக்குப் பொருந்தும் என்றால், முதல்முறையாக வெளிநாடு போகிறவர்கள், தனியாகப் போகிறவர்கள், ஊருக்கு வெளியே இருக்கும் பள்ளிக்கும் விடுதிப் பள்ளிக்கும் போகிறவர்கள். இவர்கள் அதிகம் யோசிக்கவே வேண்டாம்.

## படியை வாங்கிக்கொண்டு தனி வாடகை

சுதந்திரம் வேண்டும் என்பவர்கள் இதைத்தான் கேட்பார்கள், நியாயமான ஆசைதான். உங்கள் பெயரில் ஒப்பந்தம், உங்கள் பெயரில் மின் கட்டணம், பள்ளியைவிட்டு வந்தாலும் காலின் கீழே தரை இருக்கும். கீழ்வீட்டுப் பாட்டி தினமும் ஏதோ கேட்பார், நாலு மாதத்தில் நீங்கள் பதில் சொல்ல ஆரம்பிப்பீர்கள்; அந்த நாட்டின் மொழி அப்படித்தான் ஒட்டும். ஆசிரியர் குடியிருப்பில் இரண்டு வருடம் இருந்தும் நான்கு வாக்கியம் கற்காமல் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

ஆனால் உள்ளே நுழையும் செலவு நாட்டுக்கு நாடு பயங்கரமாக மாறுகிறது. மாதப்படி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஜப்பானில் திரும்ப வரும் வைப்புத்தொகை ஒன்று, அதை ஷிகிகின் என்பார்கள். உரிமையாளருக்கு நன்றியாகக் கொடுத்துத் திரும்ப வராத ரெய்கின் இன்னொன்று, எல்லா வீட்டிலும் கேட்பதில்லை என்றாலும் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. இதற்கு மேல் தரகு, நீங்கள் வாடகை கட்டாவிட்டால் தான் கட்டுவதாகப் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம். தென்கொரியாவில் வோல்சே முறையில் பெரிய வைப்புத்தொகையும் மாத வாடகையும், ஜோன்சே முறையில் மாத வாடகையே இல்லாமல் மிகப் பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்து வைத்துக் கடைசியில் திரும்ப வாங்குவது. புதிதாக வரும் ஆசிரியருக்கு ஜோன்சே நடைமுறையில் எட்டாது. துபாயில் வருட வாடகையைப் பின்தேதியிட்ட காசோலைகளாகப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம்; எத்தனை காசோலை என்பதுதான் பேரமே. காசோலைக்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்குக் குடியிருப்பு அட்டை வேண்டும், இதெல்லாம் முடிய வாரங்கள் ஆகும், அதுவரை எங்கே இருப்பது என்ற கேள்வி நிற்கும்.

சட்டம் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. ஜெர்மனியில் வைப்புத்தொகை மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக்கூடாது, அதையும் மாதம் ஒன்றாக மூன்று தவணையில் கட்ட வாடகைதாரருக்கு உரிமை இருக்கிறது. பல வீட்டு உரிமையாளர்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். இங்கிலாந்தில் வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் என்றால் வைப்புத்தொகைக்கு ஐந்து வார வாடகைதான் உச்சவரம்பு, வாங்கிய 30 நாளுக்குள் அதை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும்.

அப்புறம் வெறும் சுவர். ஜெர்மனியில் பல வாடகை வீடுகளில் சமையல் மேடையும் அலமாரியும்கூட இருக்காது, முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். ஜப்பானில் மேலே விளக்கு மாட்டும் பிளக் மட்டும் இருக்கும், விளக்கை நீங்கள்தான் வாங்க வேண்டும். முதல் இரவு செல்போன் வெளிச்சத்தில் பெட்டியைத் திறப்பவர்கள் உண்டு. கட்டில், மேசை, திரைச்சீலை, துணி துவைக்கும் இயந்திரம் என்று கூட்டினால் முதல் இரண்டு மாதப் படி அதற்கே போய்விடும், இரண்டு வருடம் கழித்துப் போகும்போது அதை விற்கவோ தூக்கிப் போடவோ மறுபடி அலைச்சல்.

விளம்பரத்தில் போடும் வாடகையையும் அப்படியே நம்பக்கூடாது. ஜெர்மனியில் "குளிர் வாடகை" என்பது வெறும் இடத்துக்கு, வெப்பமூட்டலும் பொதுச் செலவுகளும் சேர்ந்தால்தான் "சூடான வாடகை". துபாயில் வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக மாதாமாதம் மின்சார, தண்ணீர் பில்லில் சேர்ந்து வரும்.

ஆசிரியர்களுக்கே உரிய இரண்டு சிக்கலைச் சொல்கிறேன், மற்ற வேலைக்காரர்களுக்கு இது பெரும்பாலும் வராது. முதலாவது, கல்வியாண்டும் வாடகை ஆண்டும் ஒத்துப்போகாது. உங்கள் பணி பத்து மாதத்தில் முடியலாம், வாடகை ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம் ஓடும், நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போனாலும் காலி வீட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பீர்கள். படி பன்னிரண்டு மாதமும் வருமா, பணிபுரியும் மாதங்களுக்கு மட்டுமா என்று கேளுங்கள். இடையில் கிளம்ப வழிவிடும் பிரிவு ஒப்பந்தத்தில் வேண்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்கள் "டிப்ளமேட்டிக் கிளாஸ்" (clause) என்று கேட்டு வாங்குவது இதைத்தான், வேலை போய் நாட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால் முன்னறிவிப்பு கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், வழக்கமாக முதல் ஒரு வருடம் முடிந்த பிறகு.

இரண்டாவது, எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குகிறார்கள். ஐரோப்பாவில் கல்வியாண்டு தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் கல்லூரி மாணவர்களும் வீடு தேடி அலைவார்கள். ஜப்பானில் பள்ளி ஏப்ரலில் திறக்கும், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாடே வீடு மாறிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் அவசரமாகப் பார்த்த வீடு அநேகமாகப் பள்ளியிலிருந்து தூரமாகத்தான் அமையும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தைகளுக்குப் பள்ளிக்கு வெளியே ஒரு தெரு வேண்டும், வேலைக்குப் போகாமல் கூட வந்திருக்கும் துணைக்கு, ஆசிரியர்களை மட்டுமே பார்த்துப் பேசும் வாழ்க்கை சீக்கிரம் மூச்சு முட்டும். இரண்டாம் வருடம் தொடரப்போகும் தனியாட்களுக்கும் இதையே சொல்வேன்.

## பகிர்ந்து தங்குவது

செலவில் இதற்கு ஈடில்லை. சாமான் ஏற்கெனவே இருக்கும், ஒப்பந்தம் சிறிது, முன்பணம் குறைவு. ஜெர்மனியில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு ஒன்று, ஆகவே அதுவும் பங்கு பிரியும். தனிமையும் தாக்காது; முதல் மாதம் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைக்காவிட்டாலும் மருந்துக் கடை எங்கே என்று சொல்ல ஆள் இருக்கும்.

யாரோடு என்பதுதான் கேள்வி. சக ஆசிரியரோடு என்றால் காலையில் சேர்ந்து கிளம்பலாம், ஆனால் இரவுச் சாப்பாட்டிலும் தலைமையாசிரியரின் சுற்றறிக்கைதான் பேச்சாக இருக்கும், ஒருவருக்குப் பதவி உயர்வு வந்து இன்னொருவருக்கு வராமல் போனால் அந்தச் சமையலறையில் காற்று கனத்துவிடும். பள்ளிக்குச் சம்பந்தமில்லாத உள்ளூர்க்காரர்களோடு என்றால் மொழியும் ஊரும் வேகமாகப் பிடிபடும், நேரம்தான் ஒத்துவராது. நீங்கள் ஐந்தரைக்கு எழ வேண்டியவர், அவர்கள் பன்னிரண்டு மணிக்கு நண்பர்களோடு வருவார்கள். அறையைப் பார்க்கும்போது கட்டிலைப் பார்க்காதீர்கள், மேசையைப் பாருங்கள். அறுபது விடைத்தாளைப் பரப்பிவைத்துத் திருத்த இடம் இல்லாத அறை ஆசிரியருக்கு ஆகாது.

ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பது உயிர்நாடி. பெயர் இல்லாவிட்டால் முகவரிச் சான்று கிடைக்காமல் மேலே சொன்ன சங்கிலி முழுவதும் அறுந்துபோகும். துபாயில் வீட்டில் உடன் தங்குபவர்களையும் வாடகைப் பதிவில் சேர்க்க வேண்டும், சொல்லாமல் உள்ளே சேர்த்துக்கொள்ளும் அறைகளைத் தொடவே தொடாதீர்கள். பெயர் இருந்தாலும் எப்படி இருக்கிறது என்று படியுங்கள்: இங்கிலாந்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், ஒருவர் சொல்லாமல் கிளம்பிப் போனாலும் முழு வாடகைக்கும் மிச்சமிருப்பவர்கள் பொறுப்பு.

கடன் அடைக்கப் போகிறவர்கள், ஒரே வருடம் என்று தீர்மானித்துப் போகிறவர்கள், வீட்டில் சத்தம் இருந்தால்தான் தூக்கமே வரும் என்ற சுபாவக்காரர்கள் இதை எடுக்கலாம். முதல் வருட ஆசிரியர்களுக்கு, அதாவது வேலையே புதிதாக இருப்பவர்களுக்கு, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## இடைக்காலத் தங்கல் பற்றி ஒரு வார்த்தை

சில பள்ளிகள் முதல் சில வாரம் ஹோட்டலில் வைத்துவிட்டு, அதற்குள் வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லும். பள்ளி திறக்க இரண்டு வாரம் முன்னால் போக முடிந்தால் அருமையான ஏற்பாடு, பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். பள்ளி திறக்கும் அன்றைக்குத்தான் இறங்குகிறீர்கள் என்றால் இதைத் தவிர்த்துவிடுங்கள். பகலில் புது வகுப்பு, மாலையில் தரகர், இரவில் பாடத் தயாரிப்பு என்று மூன்றும் நடக்காது. சில நாடுகளில் ஹோட்டல் முகவரியை வங்கி ஏற்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

## பதில் அனுப்பும் முன்

தனியாளாகப் போகிறீர்கள் என்றால் முதல் கல்விப் பருவத்துக்குப் பள்ளி வீடு, அதே கடிதத்தில் ஒரு கோரிக்கை: முதல் பருவம் அல்லது முதல் வருடம் முடிந்ததும் படிக்கு மாறிக்கொள்ளலாமா? பல பள்ளிகள் சம்மதிக்கும், ஆனால் போய்ச் சேர்ந்தபிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். குடும்பமாக என்றால் படியை எடுங்கள், அதை மாதாமாதம் தராமல் முதல் சில மாதத்துக்கு மொத்தமாக முன்கூட்டித் தர முடியுமா என்று கேளுங்கள், முன்பணப் பாரம் பாதி இறங்கும்.

பள்ளி வீடு என்றால் அந்த வீட்டின் படங்களைக் கேளுங்கள், மாதிரி வீட்டின் படம் வேண்டாம். இப்போது அங்கே குடியிருக்கும் ஆசிரியர் ஒருவரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள், நல்ல பள்ளி தயங்காமல் ஏற்பாடு செய்யும். அவரிடம் வீடு எப்படி என்று பொதுவாகக் கேட்காமல், போன மாதம் ஏதாவது பழுதானதா, சரிசெய்ய எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள்.

கடைசியாக, பணி முடிந்தால், எந்தக் காரணத்தால் முடிந்தாலும், வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் தருவீர்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். முப்பது நாள் என்றால் தைரியமாக ஏற்கலாம். ஒரு வாரம் என்றால் பேசிக் கூட்டப் பாருங்கள். எழுத்தில் பதிலே வராவிட்டால், தனியாளாக இருந்தாலும் சரி, மொழி தெரியாவிட்டாலும் சரி, படியையே எடுத்துக்கொள்ளுங்கள்.